வாண்டுவின் ஐஸ் டப்பா

அன்புள்ள வாண்டுவின் அம்மாவுக்கு,

இங்கே மூன்று பேரும் சௌக்கியம். மூக்கு மட்டும் மூன்று பேருக்கும் ஒழுகுகிறது. நீ அங்கே வியர்வையைத் துடைத்துக்கொண்டு இதைப் படிப்பாய் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

போனில் பேசினால் போதாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் என் கைக்கு எங்கே வருகிறது? முதல் பாதி உன் மகளுக்கு, மறு பாதி உன் அப்பாவுக்கு. என் முறை வரும்போது உனக்கு ஷிப்ட் மணி அடித்துவிடுகிறது. "சரி, வெக்கிறேன்" என்ற ஒரு வார்த்தைதான் எனக்கு மிச்சம். அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா? அதனால் எழுதுகிறேன்.

முதலில் உன் கேள்விக்கு வருகிறேன். தொழிற்சாலையில் இரண்டாவது யூனிட் தொடங்குகிறார்கள், துணி வெட்டுகிற கட்டிங் பிரிவு முழுவதையும் உன் பொறுப்பில் விடப் போகிறார்கள், அதற்கு இன்னும் ஒரு வருடம் இருக்க வேண்டும், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். கடைசியில், "நீங்க சொல்றபடி செய்றேன்" என்று வேறு! கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னபடி நீ செய்த காரியம் ஏதாவது உண்டா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

அந்தப் புது யூனிட்டைப் பற்றி நீ எழுதிய பக்கத்தை உன் அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். மேஜை எத்தனை நீளம், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, புதிதாகச் சேர்ந்த பெண்கள் கத்திரிக்கோலைப் பிடிக்கிற லட்சணம், எல்லாம் விலாவாரியாக எழுதியிருக்கிறாய். என்னைப் பெண் பார்க்க வரச் சொன்ன நாளில்கூட உனக்கு இவ்வளவு உற்சாகம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆகவே என் பதில் இதுதான்: இரு. தாராளமாக இரு. நாங்கள் சமாளித்துக்கொள்வோம். வாண்டு ஜம்மென்று இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், என்னை அதட்டுகிறாள். நீ இல்லாத குறையே தெரியாமல் அதட்டுகிறாள்.

இனி பள்ளிக்கூடச் செய்தி. நம் சந்து முனையில் இருக்கும் அந்த மஞ்சள் கேட் நர்சரியில் குளிர்காலம் வந்தால் வாரத்துக்கு ஒரு குடும்பம் வந்து குழந்தைகளோடு ஏதாவது செய்ய வேண்டுமாம். அதற்காகப் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். உட்காரக் குழந்தைகளின் நாற்காலிதான். நான் உட்கார்ந்துவிட்டேன், எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்து வந்தது. ரொட்டிக்கடைக்காரர் பின்னால் நின்று அதைப் பிடுங்கி எடுத்தார். வாண்டு என்னை யாரென்றே தெரியாததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெரிய டீச்சருக்கு ஒரே ஆதங்கம். "அப்பாக்கள் எல்லாம் கேட்டோட சரி. பிள்ளைய உள்ள தள்ளிட்டு வண்டியத் திருப்பிடறாங்க. அவங்க முகத்தை முழுசாப் பாத்ததே இல்ல, ஹெல்மெட்தான் தெரியும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ரொட்டிக்கடைக்காரர் மாவு பிசையக் கற்றுக்கொடுப்பதாக ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். பஸ் கண்டக்டர், குளிருக்கு உடம்பு சூடாக, குழந்தைகளை வரிசையாக நிறுத்தி பஸ் ஓட்டுவதாகச் சொன்னார். நானும் கையைத் தூக்கிவிட்டேன். குளிர்காலத்தில் ஏ.சி. மெக்கானிக்கை யார் சீண்டுகிறார்கள்? நானும் என் கூட்டாளியும் கடையில் உட்கார்ந்து ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

என்ன செய்வீர்கள் என்று டீச்சர் கேட்டார். ஐஸ் என்றேன். கூட்டமே சிரித்தது. இந்த ஊரில் குளிர் மட்டும்தான் வருகிறது, பனி எங்கே பெய்கிறது? குழந்தைகள் படப் புத்தகத்தில் பார்த்ததோடு சரி. அவர்களுக்குக் கல் மாதிரி ஐஸைத் தொட்டுக் காட்டுகிறேன் என்றதும் டீச்சர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

இன்னொரு விஷயம். வெயில் ஊருக்கு எதற்கு என்று நீ விட்டுப் போன பச்சை மப்ளரை வாண்டு தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறாள். துவைக்கக் கேட்டால் தர மாட்டேன் என்கிறாள். பால் கறை, மூக்குக் கறை எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு நாள் அவள் தூங்கும்போது உருவி ஊறப்போட்டுவிட வேண்டும் என்று இருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மோர் நிறையக் குடி.

இப்படிக்கு,
நாற்காலியிலிருந்து விடுதலையான
வாண்டுவின் அப்பா


அன்புள்ள வாண்டுவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. "நெஜமாத்தான் சொல்றீங்களா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். நிஜமாகத்தான் சொல்கிறேன். இருந்தாலும் நீ மாதக் கடைசியில்தானே பதில் சொல்ல வேண்டும், அதுவரை அவர்களும் காத்திருக்கட்டும். உடனே சொல்லிவிட்டால் மதிப்பு இருக்காது.

உன் அப்பா கதையைக் கேள். மனிதர் ரிட்டயர் ஆகி இத்தனை வருடமாகியும் டிக்கெட் பரிசோதகர் புத்தி போகவில்லை. பேத்தியை விடப் போனவர், கேட்டில் கூட்டம் நெரிவதைப் பார்த்துவிட்டு வரிசைப்படுத்த ஆரம்பித்துவிட்டார். இப்போது தினமும் அவர்தான் கேட்டில் நிற்கிறார். ஒவ்வொரு குழந்தையும் ஒரு காய்ந்த இலையைக் கொடுக்க வேண்டும், இவர் பழைய டிக்கெட் கட்டரை எடுத்து அதில் ஓட்டை போட்டு உள்ளே விடுவார். இலை இல்லாமல் வந்தால் அபராதம் ஒரு முத்தம். மகனை விட வந்த பல் டாக்டரம்மா அவசரத்தில் இலை இல்லாமல் நுழையப் பார்த்தாராம். "அம்மா, நீங்க டாக்டரா இருக்கலாம், டிக்கெட் டிக்கெட்தான்" என்று தடுத்து நிறுத்தியிருக்கிறார். நல்ல வேளை, அவரிடம் அபராதம் கேட்கவில்லை. முற்றத்து மரத்தில் இலை உதிர்ந்தால் பொறுக்கக் குழந்தைகளுக்குள் அடிதடி. ஆயாவுக்கு வாசல் பெருக்குகிற வேலை மிச்சம்.

ரொட்டிக்கடைக்காரர் வாரமும் கண்டக்டர் வாரமும் நன்றாகவே நடந்தன. கண்டக்டர் விசில் ஊதினால் குழந்தைகள் ஓடுகிறார்கள், இரண்டு முறை ஊதினால் நிற்கிறார்கள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் உதறல்தான். அடுத்தது என் வாரம் ஆயிற்றே.

நேற்று என் முன்னுரையை நிகழ்த்திவிட்டேன். எல்லாரையும் சுற்றி உட்கார வைத்து, ஃப்ரிட்ஜ் எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். ஐஸ்கிரீமுக்கு என்று ஒரு குரல். நான் விடவில்லை. குளிருக்குள்ளே வைத்தால் எந்தப் பொருளும் கெட்டுப்போகாது, போகாமல் அப்படியே இருக்கும், அதற்காகத்தான் உலகத்தில் என்னைப் போன்ற ஆட்கள் இருக்கிறோம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். வாண்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள், "எங்கப்பா" என்று சொல்லாத குறைதான்.

பிறகு என் திட்டத்தைச் சொன்னேன். வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு மூடி போட்ட டப்பா கொண்டுவர வேண்டும். உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை அதில் நீங்களே போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடிவிட வேண்டும். அம்மா அப்பாகூடப் பார்க்கக் கூடாது, ரகசியம். நான் அதைக் கடை ஃப்ரீசரில் வைப்பேன். திங்கட்கிழமை எல்லார் வீட்டிலிருந்தும் வந்து உட்கார்ந்ததும் திறந்து பார்ப்போம், பூவும் இலையும் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் தெரியும் என்றேன். டீச்சர் கைதட்டினார். இந்த மூளை இத்தனை நாள் எங்கே இருந்தது என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

இன்று டப்பாக்கள் வந்துவிட்டன. வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோய் அடுக்கியாகிவிட்டது. ஃப்ரீசரில் குளிரை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டி வைத்திருக்கிறேன். என் கூட்டாளி, "பிள்ளைங்க விளையாட்டுக்கு எதுக்குடா இவ்வளவு?" என்றான். என் வேலையில் அரைகுறை கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

ஆமாம், அந்தப் பச்சை மப்ளரைக் காணோம். ஊறப்போடலாம் என்று தேடினால் தலையணைக்கு அடியில் இல்லை. வாண்டுவைக் கேட்டால் தோளைக் குலுக்குகிறாள். உன் அப்பாவைக் கேட்டால் என்னையே சந்தேகமாகப் பார்க்கிறார். போனால் போகட்டும், கறையோடு போயிற்று.

இப்படிக்கு,
திங்கட்கிழமையை எதிர்பார்த்திருக்கும்
வாண்டுவின் அப்பா


அன்புள்ள வாண்டுவின் அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்து முடிக்கும் வரை தொழிற்சாலையில் யாரிடமும் வாயைத் திறக்காதே. முதலில் நீ சிரிக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

சனிக்கிழமையே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். கண்டக்டர் பஸ்ஸில் விசில் இல்லாமல் வாயாலேயே "போலாம் ரைட்" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக் கிடந்தார். ரொட்டிக்கடை பாதிக் கதவோடு திறந்திருந்தது. ஷட்டர் சாவியைக் காணோமாம், பின்வாசல் வழியாக வியாபாரம். பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் ஒரு பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊருக்கே என்னவோ கிரகம் பிடித்திருக்கிறது என்று நினைத்தேனே தவிர, அந்தக் கிரகம் என் ஃப்ரீசருக்குள் இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை எல்லாரும் வந்து அந்தச் சின்ன நாற்காலிகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் மாய வித்தைக்காரன் மாதிரி முதல் டப்பாவைத் தட்டிக் கவிழ்த்தேன். ஐஸுக்குள் கண்டக்டரின் விசில். அடுத்ததில் ரொட்டிக்கடைச் சாவிக்கொத்து. அடுத்ததில் யார் வீட்டு டி.வி. ரிமோட்டோ. அதற்கடுத்து டாக்டரம்மா மகனுடைய டப்பா. கவிழ்த்தால், உள்ளேயிருந்து ஒரு முழுப் பல் செட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது! அந்தப் பெரியவருக்காகச் செய்து வைத்திருந்ததாம். டாக்டரம்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பூ கொண்டுவந்த குழந்தை ஒன்றுகூட இல்லை. பிடித்ததைப் போடு என்றுதானே சொன்னேன்? அவர்களுக்கு அப்பாவின் விசில்தான் பிடித்திருக்கிறது, நான் என்ன செய்ய?

அப்புறம்தான் வேடிக்கை. ஐஸ் உருகவே மாட்டேன் என்கிறது. நான் வைத்த குளிர் அப்படி, வெளியே அடித்த குளிரும் அப்படி. "என்னங்க மெக்கானிக், கல்லா உறைய வெச்சிட்டீங்களே" என்று ரொட்டிக்கடைக்காரர் என்னை உலுக்குகிறார். உன் அப்பா உடனே எழுந்து வரிசை போட்டுவிட்டார், வேலைக்குப் போகிறவர்கள் முதலில், மற்றவர்கள் பின்னால். ஆயா வெந்நீர் வைத்தார். டாக்டரம்மா தலை உலர்த்தும் மெஷினை வரவழைத்துப் பல் செட்டுக்குச் சூடு காட்டினார். கண்டக்டர் விசில் கட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடினார், அவர் பின்னால் அத்தனை குழந்தைகளும். அப்பாக்கள், அம்மாக்கள், ஒரு சித்தப்பா, எல்லாரும் ஆளுக்கொரு ஐஸ் கட்டியைக் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பெரிய டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "இத்தனை வருஷத்துல எல்லா அப்பாக்களும் உள்ள வந்து உக்காந்தது இன்னிக்குத்தான். அடுத்த வருஷமும் இதையே வெச்சுக்கலாம்" என்றார். விசில் உருகி வெளியே வந்து, கண்டக்டர் ஒரு ஊது ஊதினார் பார், தெருவில் போன ஆட்டோ நின்றுவிட்டது.

இவ்வளவு கலாட்டாவிலும் ஒரு டப்பா மட்டும் திறக்கவில்லை. வாண்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

நான் கேட்டேன், தரவில்லை. டீச்சர் கேட்டார், தரவில்லை. எல்லாரும் உதவி செய்கிற உற்சாகத்தில் இருந்தார்கள் அல்லவா, ரொட்டிக்கடைக்காரர் வெந்நீர் டம்ளரோடு பக்கத்தில் வந்தார். அவ்வளவுதான், டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். உனக்குத் தெரியுமே, உன்னை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்தபோதுகூட அவள் அழவில்லை. சமர்த்துப் பெண் என்று அன்றைக்கு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் ஒரு மடையன்.

வெளியே தூக்கிக்கொண்டு போனேன். முற்றத்துக் குழாயடியில் உட்கார வைத்து, மூடியை மட்டும் திறந்து பார்க்கிறேன் என்று கெஞ்சி வாங்கினேன். ஐஸுக்குள்ளே பச்சையாகத் தெரிந்தது. உன் மப்ளர். நன்றாக மடித்து, நீ மடிப்பதுபோலவே மடித்து வைத்திருக்கிறாள்.

ஏன்டா கண்ணு என்று கேட்டேன். "அம்மா வாசனை போயிட்டே இருக்குப்பா. முன்ன நெறைய இருந்துச்சு, இப்ப கொஞ்சமாத்தான் இருக்கு. நீதானே சொன்னே, குளிருக்குள்ள வெச்சா போகாதுன்னு" என்றாள். இப்போது உருகினால் இருப்பதும் போய்விடுமாம். அம்மா வந்த பிறகு திறக்கலாமாம்.

எத்தனை வீட்டு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்த்திருப்பேன், இப்படி ஒரு பொருளை யாரும் என் பொறுப்பில் விட்டதில்லை. தண்ணீரில் போட்ட துணியில் வாசனை நிற்காது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? மூடியை மூடி, கடைக்குக் கூட்டிப்போய், அவள் கையாலேயே ஃப்ரீசரில் வைக்கச் சொன்னேன். அதற்கு மேல் எதையும் வைக்கக் கூடாது என்று என் கூட்டாளியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

முதல் கடிதத்தில் ஜம்மென்று இருக்கிறாள் என்று எழுதினேன். அப்படித்தான் நினைத்தேன். என்னையும் சேர்த்துத்தான் சொன்னேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், உன் அப்பாவோடு சண்டை போடுகிறேன், நானும் ஜம்மென்றுதானே இருக்கிறேன் என்று. அன்று குழாயடியில் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நானும் ஒருமுறை முகர்ந்து பார்த்தேன். வெறும் ஐஸ் வாசனைதான் வந்தது. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை.

உடனே நீ "கெளம்பி வர்றேன்" என்று பெட்டியை எடுப்பாய். அதற்காகத்தான் முழுக்கப் படி என்றேன். நீ வர வேண்டாம். அந்த நீள மேஜையையும் அந்தப் பெண்களையும் விட்டுவிட்டு நீ இங்கே வந்து உட்கார்ந்தால், ஒவ்வொரு முறை கத்திரிக்கோல் எடுக்கும்போதும் அதைத்தான் நினைப்பாய். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நீ ஒரு முறை எழுதியிருந்தாய், அங்கே வருடம் பூராவும் வெயில், யூனிட்டில் பாதி ஏ.சி. ஓடுவதில்லை, ரிப்பேருக்கு ஆளைக் கூப்பிட்டால் இன்று நாளை என்று இழுக்கிறார்கள் என்று. நான் அதைப் படித்துவிட்டு அங்கே இருக்கிற மெக்கானிக்குகளைத் திட்டினேனே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை. இங்கே குளிரில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிற எனக்கு இது ஏன் இத்தனை நாள் உறைக்கவில்லை? தொழில் இங்கேயும் அங்கேயும் ஒன்றுதானே. கூட்டாளியிடம் பேசிவிட்டேன். ஒரு வருடம் கடையை அவன் பார்த்துக்கொள்வான். "போடா, போய்த் தொலை, ஃப்ரீசர்ல மத்த சாமான் வைக்கவாவது எடம் கெடைக்கும்" என்றான். சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டான், குளிர் என்றான்.

உன் அப்பா என்ன சொல்வாரோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். மனிதர் எழுந்து உள்ளே போனார். கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பெட்டியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். "நான் எப்பவோ ரெடி மாப்ளே. நீங்க கேக்கட்டும்னுதான் இருந்தேன்" என்றார். வாண்டு உடனே மூன்று காய்ந்த இலைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கட்டரை எடுத்து மூன்றிலும் ஓட்டை போட்டுவிட்டார். ஆகவே டிக்கெட் எடுத்தாகிவிட்டது, இனி நீதான் சம்மதம் சொல்ல வேண்டும்.

உன் தொழிற்சாலைப் பக்கத்தில் சின்னதாக ஒரு நர்சரி இருக்கிறதா என்று விசாரி. பெரிய பள்ளிக்கூடம் வேண்டாம், கேட்டில் ஒரு தாத்தா நிற்க இடம் இருந்தால் போதும். குளிர்காலமே வராத ஊரில் குழந்தைகள் பாவம், என்ன செய்வார்கள்? நாங்கள் கொண்டுவருகிறோம் என்று சொல். நாற்காலி மட்டும் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும்.

நீ அங்கே இரு என்று சொன்ன வார்த்தை வார்த்தைதான். நான் மாற்றவில்லை. எங்களையும் கூப்பிட்டுக்கொள் என்று மட்டும் கேட்கிறேன்.

வாண்டு காலையிலிருந்து ஒரே கேள்வி கேட்கிறாள், வெயில் ஊருக்குப் போகிற வழியில் டப்பா உருகிவிடாதா என்று. உங்கப்பா யார் என்று நினைத்தாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நல்ல தெர்மோகோல் பெட்டியாக ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. ஒரு சொட்டுக்கூட உருகாமல் உன் வாசல் வரை கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. அதற்கப்புறம் அவளையும் டப்பாவையும் சேர்த்து மடியில் வைத்துக்கொள், மெதுவாக உருகட்டும்.

இப்படிக்கு,
ஓட்டை போட்ட இலையோடு காத்திருக்கும்
வாண்டுவின் அப்பா